மன்றும் மனச்சான்றும்: நீதியரசர் மு.மு.இஸ்மாயில்

திருப்பெருந்துறை என்று நூல்களும் ஆவுடையார்கோவில் என்று ஊர்வழக்கும் குறிக்கும் இத்தலத்தைச் சிற்பக் கலை வல்லார் அதன் கொடுங்கையால் அறிவர். அடியார்கள் மாணிக்கவாசகரால் அறிவர். இத்தலத்தின் புராணத்துள் ஒரு நில வழக்கும் உண்டு என்பது அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்தியாகும். இங்கு வாழ்ந்த அந்தணர்களின் நிலத்தைக் குறுநிலத் தலைவன் ஒருவன் கவர்ந்துகொண்டான். அவர்களுள் ஒருவராக, முதியவர் வடிவில், இறைவனே பாண்டியன் அவைக்குச் சென்று முறையிட்டான். நிலத்தின் தன்மை யாது என்ற வினா எழுந்தது. எவ்வளவு அகழ்ந்தாலும் நீர் சுரவாத வறண்ட நிலம் அது என்றான் கவர்ந்தவன். கீழே நீருண்டு என்றார் முதியவர். அகழ்ந்து பார்த்தனர், நீர் சுரந்தது, நிலம் உரியவர்க்கு மீண்டது. கீழ்நீர்க்காட்டி என்னும் ஊர்ப்பெயர் இக்கதையை இன்றும் நினைவில் நிறுத்துகிறது.

இக்கதையில் வழக்கை முடிப்பது மன்னனின் அருளும் அன்று. இறைவனின் அற்புதமும் அன்று. மண்ணுக்கு அடியில் இருந்த சான்றே அதனை முடித்து வைக்கிறது. இரு தரப்பையும் கேட்டல், பின் அகழ்ந்து பார்த்தல் ஆகிய இரண்டுமே நீதியின் அடிப்படைகள் என்பதைத் தமிழ் மரபு கதையாகச் சொல்லி வைத்திருக்கிறது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழும் வழக்கும் இத்தகையதே. அங்கும் முதியவராக வந்த இறைவன் ஓலையைக் காட்டுகிறான். சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார். மூல ஓலை வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றும் பேசப்படுகின்றன.

வழக்காட வந்த அம்முதியவரைச் சுட்டும் 'பழைய மன்றாடி' என்னும் சேக்கிழார் தொடரைத் தம் நூலொன்றிற்குப் பெயராக வைத்தவர் நீதியரசர் மு.மு.இஸ்மாயில். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர், கம்பனில் தோய்ந்தவர், நாகூரில் பிறந்த இசுலாமியர். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அமர்ந்தவரின் வரலாறு பெரும்பாலும் பதவிகளின் பட்டியலாகவே எழுதப்படும். இவர் வரலாற்றை அவ்வாறு எழுதினால் அதன் உயிர்நிலை விடுபட்டுப்போகும். இலக்கியத்தில் இவர் பயின்ற முறையும் நீதிமன்றத்தில் இவர் ஒழுகிய முறையும் ஒன்றே என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகூர்ப் பின்புலம்

மு.மு.இஸ்மாயில் 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் நாகூரில் பிறந்தார். அந்நாளில் நாகூரும் ஆவுடையார்கோவிலும் ஒரே தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்தவை. 1974 சனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது அறந்தாங்கிப் பகுதியோடு ஆவுடையார்கோவில் அதனுள் சேர்ந்தது. 1991இல் நாகூர் புதிய நாகப்பட்டினம் மாவட்டத்திற்குரியதாயிற்று. எல்லைகள் மாறினும் சோழநாட்டுக் கடற்கரையின் தமிழ் மரபு ஒன்றே.

நாகூர் வெறும் தருகா நகரம் அன்று, புலவர்களின் ஊர். நான்காம் தமிழ்ச் சங்கக் காலம் வரை வாழ்ந்த குலாம் காதிறு நாவலர் (1833-1908) இவ்வூரினர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலிருந்து வண்ணக்களஞ்சியப் புலவரின் இராசநாயகம் வரை இசுலாமியப் புலவர்கள் காப்பியம் பாடிய மொழி, கம்பன் வகுத்த பாதையிலேயே பெரிதும் சென்றது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்து, விருத்தத்தில் கதை நடத்தி, நபிமார் வரலாற்றைத் தமிழ் நிலத்தின் வளங்களோடு அவர்கள் பாடினர். ஆகவே நாகூரில் பிறந்த ஒருவர் கம்பனிடம் வந்து சேர்ந்தது வேற்று வீட்டில் நுழைந்தது போன்றதன்று. தம் வீட்டின் முற்றத்திலிருந்து நடுக்கூடத்திற்கு வந்தது போன்றதேயாகும். பிற்காலத்தில் இராசநாயகத்தைப் பற்றி 'இனிக்கும் இராஜநாயகம்' என்னும் நூலை இஸ்மாயில் எழுதினார். அக்காப்பியத்தின் தலைவர், நீதி வழங்குவதில் புகழ்பெற்ற சுலைமான் நபி என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

நீதித்துறையில் இருந்தவாறே தமிழுக்குத் தொண்டாற்றுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. மாயூரம் முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை (1826-1889) நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டித் தந்தார்; தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டார். தமிழ் மக்களின் வழக்கை அவர்கட்குப் புரியாத ஆங்கிலத்தில் நடத்துவதை அந்நாவலுள்ளேயே அவர் எள்ளி நகையாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரும் 1832இல் தஞ்சை மாவட்டச் சிற்றூரில் வறுமையில் பிறந்தவரே. இஸ்மாயிலின் காலத்தவராகிய நீதிபதி எஸ்.மகராசன், இரசிகமணி டி.கே.சி.யின் வழிவந்து, கம்பனைப் பற்றிச் சாகித்திய அக்காதெமிக்கு ஆங்கிலத்தில் நூல் எழுதினார், சேக்சுபியரைத் தமிழாக்கினார். இவ்வரிசையில் வைத்து நோக்கும்போதே இஸ்மாயிலின் இடம் விளங்கும்.

நீதிமன்றப் படிகள்

சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்த இஸ்மாயில் 1967ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அந்நீதிமன்றம் தோன்றி அப்போது ஓராண்டும் நிறையவில்லை. அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிபதியாக இருந்து, 1979 நவம்பர் 6ஆம் நாள் தலைமை நீதிபதியானார். 1980 அக்டோபரில் ஆளுநர் பிரபுதாசு பட்வாரி நடுவணரசால் நீக்கப்பட்டபோது, அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை தமிழகத்தின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

பகலெல்லாம் ஆங்கிலத்தில் வழக்குக் கேட்டு ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதியவர், எஞ்சிய நேரத்தைத் தமிழுக்குத் தந்தார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றினார். கம்பராமாயணம் முழுவதையும் ஒரே தொகுதியாக, எளியோரும் வாங்கத்தக்கவாறு அக்கழகம் வெளியிட்டமை தமிழுலகம் மறவாதது. 'கம்பன் கண்ட சமரசம்', 'அடைக்கலம்', 'மூன்று வினாக்கள்' முதலிய நூல்கள் அவர் எழுதியனவும் பேசியனவுமாகிய ஆராய்ச்சியின் பயன்கள்.

வாலியின் வழக்கு

இவற்றுள் 'மூன்று வினாக்கள்' நீதிபதியையும் இலக்கியவாதியையும் ஒருங்கே காட்டுவது. வாலி வதம் எழுப்பும் சிக்கலே அதன் பொருள்.

இராம காதையில் இராமனை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகக் கடுமையானவை வாலி கேட்டவை. மறைந்து நின்று எய்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்த பெயரைப் படித்து, எய்தவன் யாரென அறிந்த பின்னர் வாலி பேசுகிறான். உனக்கு நான் இழைத்த பிழை யாது? விலங்காகிய என்மீது மக்களின் அறத்தை எவ்வாறு சுமத்தினாய்? போர் புரிய வந்தவன் ஏன் மறைந்து நின்றாய்? அவன் வாதங்களை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். இராமன் விடை பகர்கிறான். குற்றமற்ற தம்பியைத் துரத்தியதும் அவன் மனைவியைக் கவர்ந்ததும் பிழை. அறமும் மறமும் அறிந்து பேசுபவன் தன்னை விலங்கென்று சொல்லித் தப்ப இயலாது என்பன அவ்விடைகள். ஆயின் மறைந்து நின்றது ஏன் என்ற வினாவிற்கு விடை இராமன் வாயிலிருந்து வரவில்லை. இளவலாகிய இலக்குவனே விடை சொல்கிறான். முன்னரே தம்பி அடைக்கலம் புகுந்துவிட்டான். நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழக்கூடும். ஆதலால் மறைந்து நிற்க நேர்ந்தது என்பது அவன் கூற்று.

வழக்காடிப் பழகியோர்க்கு இவ்விடம் நன்கு புலப்படும். குற்றஞ் சாட்டப்பட்டவர் வாளாவிருக்க, அவர்க்காக வேறொருவர் பேசும் இடம் அது. கம்பன் தன் காப்பியத் தலைவனை இவ்விடத்தில் மூடி மறைக்கவில்லை. எதிர்வழக்காடுபவனுக்கு முழு உரிமை தந்து, அவன் சொற்களைத் தன் ஆற்றல் முழுதும் கூட்டிப் பாடுகிறான். தீர்ப்பு எவ்வாறாயினும், வாலி கேட்கப்பட்டான் என்பதே கம்பன் காட்டும் அறம். இறுதியில் வாலி தன் மகனை இராமனிடமே ஒப்படைக்கிறான். தம்பி மது மயக்கத்தால் பிழை செய்தாலும் என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவாதே என்று வேண்டுகிறான். கேட்கப்பட்டவனே மனம் அமைதி பெறுகிறான் என்ற உண்மையை இதைவிடச் சிறப்பாக எந்தச் சட்ட நூலும் சொல்லவில்லை.

இஸ்மாயில் இவ்வழக்கைக் கையிலெடுத்த சூழலும் எளியதன்று. 1943இல் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்றும் காக்க வேண்டும் என்றும் தமிழகம் இரு பிரிவாக நின்று வாதிட்டது. அறிஞர் அண்ணா ஒருபுறமும் இரா.பி.சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமும் நின்ற அவ்வாதத்தின் சூடு அதன்பின் பல்லாண்டுகள் தணியவில்லை. அத்தகைய நாட்டில் இராமன்பால் பத்தி மட்டும் கொண்டு பேசினால் ஒரு சாரார் கேளார். பழிப்பு மட்டும் கொண்டு பேசினால் மறுசாரார் கேளார். வினாக்களை வினாக்களாகவே எடுத்துக்கொண்டு, நூலுள் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டே ஆராயும் முறை இரு சாராரையும் ஓரவையில் இருத்தியது. ஆவுடையார்கோவிலுக்கு அண்மைத்தாகிய காரைக்குடியில் 1939இல் கம்பன் அடிப்பொடி சா.கணேசன் தொடங்கிய கம்பன் திருநாள் மேடைக்கும் இச்சிறப்பு உண்டு. காங்கிரசுக்காரராகிய சா.கணேசன் அமைத்த மேடையில் பொதுவுடைமையாளராகிய ஜீவா பேசினார். இசுலாமியராகிய இஸ்மாயிலும் பேசினார். கருத்து வேறுபாடு அங்கே பகையாகவில்லை.

சிறைக்குள் ஒரு விசாரணை

ஏட்டில் வாலிக்குச் செவிகொடுப்பது எளிது. நாட்டில் கொடுப்பது அரிது. 1975 சூன் மாதம் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1976 சனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டோர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு பிப்ரவரியில் சிறைக்குள்ளேயே அவர்கள் தாக்கப்பட்டனர். சென்னையின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு அவ்வாறு அடிபட்டவர்களுள் ஒருவர்; 1977இன் தொடக்கத்தில் அவர் மறைந்தார்.

சிறைக்குள் நடந்தது வெளியே தெரியாது. கைதியின் சொல்லுக்கு அதிகாரியின் சொல் எதிர்நிற்கும். உயிர்வாழும் உரிமைக்காகவும் நீதிமன்றத்தை அணுக இயலாது என 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றமே பெரும்பான்மையால் தீர்ப்பளித்திருந்த காலம் அது. நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே அதனின் மாறுபட்டார். நெருக்கடி நிலை நீங்கிய பின், சென்னைச் சிறை நிகழ்ச்சிகளை ஆராயும் பொறுப்பு நீதிபதி இஸ்மாயிலிடம் ஒப்படைக்கப்பட்டது. இஸ்மாயில் ஆணையம் என்று மக்கள் இன்றும் அழைப்பது அதனையே. காவலில் இருந்தோர் சிறைக்குள் தாக்கப்பட்டது உண்மையே என்று அவ்வாணையம் கண்டது. வறண்ட நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தை அகழ்ந்து கீழ்நீரைக் காட்டிய செயல் இது. தமிழக அரசியல் வரலாற்றை எழுதுவோர் எக்கட்சியினராயினும் அவ்வறிக்கையைத் தாண்டிச் செல்ல இயலாத நிலை இன்றும் உளது.

இடமாற்றம்

ஊரார் வழக்குகளைக் கேட்டவர்க்குத் தம் வழக்கே எதிர்வந்த ஆண்டு 1981. அரசியலமைப்பின் 222ஆம் உறுப்பு, உயர் நீதிமன்ற நீதிபதியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், பதினாறு நீதிபதிகள் அவ்வாறு மாற்றப்பட்டனர். அவர்களுள் குசராத்து நீதிபதி சங்கல்சந்து சேத்து வழக்குத் தொடுத்தார். பொது நலனுக்காகவன்றித் தண்டனையாக மாற்றுதல் கூடாது என்ற கருத்து 1977இல் உச்ச நீதிமன்றத்தில் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் எது பொது நலன், எது தண்டனை என்று வரையறுப்பவர் யார் என்ற வினா விடையின்றியே நின்றது.

1981 சனவரியில் சென்னைத் தலைமை நீதிபதி இஸ்மாயிலைக் கேரளத்திற்கும், பாட்னாத் தலைமை நீதிபதி கே.பி.என்.சிங்கைச் சென்னைக்கும் மாற்றும் ஆணை பிறந்தது. இருவரும் இருவேறு வழிகளை மேற்கொண்டனர். சிங்கின் இடமாற்றம் நீதிமன்றத்தில் வழக்காயிற்று. எஸ்.பி.குப்தா வழக்கோடு இணைத்து எழுவர் கொண்ட ஆயத்தால் அது கேட்கப்பெற்றது. 1981 டிசம்பர் 30ஆம் நாள் பெரும்பான்மைத் தீர்ப்பு இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டது. இஸ்மாயிலோ வழக்காடவில்லை, கேரளத்திற்குச் செல்லவும் இல்லை. விடுப்பில் சென்று, பதவியைத் துறந்தார். 1981 சூலை 9ஆம் நாளுடன் அவர்தம் நீதிமன்றப் பணி முடிவுற்றது. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்குரிய அறுபத்திரண்டு வயது நிறைய ஒன்றரை ஆண்டுக்கு மேல் எஞ்சியிருந்தது.

இம்முடிவு சரியானதா என்று கேட்பதே அவர் நமக்குக் கற்பித்த முறைக்கு ஏற்றது. எதிர்வழக்கை முதலில் கேட்போம். வாலிக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்றவர், தமக்குரிய வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விட்டது ஏன்? தலைமை நீதிபதியே வழக்காடாமல் விலகினால், கீழுள்ள நீதிபதிகள் எவ்வாறு நிமிர்ந்து நிற்பர்? அவர் விலகலால் இடமாற்ற அதிகாரம் ஓர் இம்மியும் குறையவில்லையே? இவ்வினாக்களைத் தள்ளிவிட முடியாது. தனிமனிதனின் துறவு தனிமனிதனைத் தூய்மையாக வைத்திருக்கும். அமைப்பைத் திருத்துவதற்கு அது போதாது.

மறுதரப்பும் வலிமையுடையதே. தலைமை நீதிபதி தம் பதவியைக் காக்கத் தாமே வழக்காளியாகும்போது, வழக்காளியின் விருப்பமும் நீதிபதியின் நடுவுநிலையும் ஓருடலில் போரிடுகின்றன. தம் வழக்கில் தாமே நடுவராதல் ஆகாது என்பது நீதியின் முதல் விதி. தம் வழக்கிற்காகத் தம் மன்றத்தின் பெயரை ஈடுவைத்தலும் ஆகாது என்பது அதன் நுண்ணிய விரிவு. மேலும், ஆணைக்குப் பணிந்து சென்றிருந்தால் அது ஆணையை ஏற்றதாகும். போராடவும் இல்லை, பணியவும் இல்லை. மூன்றாம் வழியாக விலகினார். 1973இல் தம்மைக் கடந்து இளையவரைத் தலைமை நீதிபதியாக்கியபோது உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலாட்டு, எக்டே, குரோவர் மூவரும், 1977இல் அதே காரணத்தால் கன்னாவும் மேற்கொண்ட வழி அதுவே.

எஸ்.பி.குப்தா தீர்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்கிறது. 1993 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பதின்மர் ஆயம், நீதிபதிகளின் நியமனத்திலும் இடமாற்றத்திலும் நிருவாகத்தின் கருத்தைவிட இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. 1998இல் மூத்த நீதிபதிகளின் குழு முறை உறுதிப்பட்டது. எனினும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2019 செப்டம்பரில் சென்னைத் தலைமை நீதிபதி விசயா தகில்ரமணி மேகாலயத்திற்கு மாற்றப்பட்டபோது பதவி விலகினார். மாற்றியது இம்முறை அரசின் தனி விருப்பமன்று. நீதிபதிகள் குழுவின் பரிந்துரை. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில், ஒரே நாற்காலியிலிருந்து, ஒரே காரணத்தால் இருவர் எழுந்து சென்றனர். அதிகாரம் கைமாறியது, மாற்றப்படுபவரைக் கேட்கும் முறை மட்டும் இன்னும் முழுமையாக உருவாகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

துறந்த பின்

பதவி நீங்கிய பின்னர் ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் இஸ்மாயில் வாழ்ந்தார். வாழ்வின் அப்பகுதி தமிழுக்கே உரியதாயிற்று. கம்பன் மேடைகளும் நூலாக்கமும் அவர்தம் நாள்களை நிறைத்தன. 2005 சனவரி 17ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது, முன்னாள் தலைமை நீதிபதி என்பதினும் கம்பன் அறிஞர் என்றே தமிழ்நாடு அவரைப் பெரிதும் எண்ணியது.

திருவாதவூரர் பாண்டியனின் அமைச்சர். தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்றவர். குதிரை வாங்கப் பொருளோடு புறப்பட்டவர் இத்திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். அமைச்சர் பதவி அங்கேயே உதிர்ந்தது. அவரோடு ஒரு நீதிபதியை ஒப்பிடுதல் மிகையாகும். ஒருவர் ஞானத்தால் துறந்தார், மற்றவர் மானத்தால் துறந்தார். ஆயினும் இருவர்க்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. அமைச்சராக அவர் செய்தவற்றை இன்று அறிவார் இலர். அவர் பாடியவை ஓதப்படாத நாளில்லை. பதவியின் ஆணைகள் பதவியோடு முடிகின்றன. சொல்லை நேசித்தவர் விட்டுச்செல்லும் சொல் முடிவதில்லை.

கவிஞர்களும் சுவைஞர்களும் கூடிப் பத்தாண்டுகள் தமிழ் வளர்க்கும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இஸ்மாயிலின் வரலாறு விடுக்கும் செய்தி தெளிவானது. இலக்கியச் சுவை ஓய்வு நேர ஒப்பனை அன்று. எதிர்த்தரப்பைக் கேட்கப் பழகும் பயிற்சி அது. தன் தலைவனுக்கு எதிராக வாலியைப் பேசவிட்ட கம்பனிடம் பயின்றவர், அரசின் சிறைக்குள் அடிபட்டவனைப் பேசவிட்டார். நமக்கு உடன்பாடில்லாதவனின் வினாவை, அவன் குரல் குறையாமல் கேட்கும் அவை எதுவோ அதுவே மன்று. அங்கு விளைவதே இலக்கியம்.